அரை மில்லிநொடி

கை எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டுச் சில வாரம் காத்திருந்தால் கூடிவிடும். தோல் கிழிந்தால் தையல் போட்டு ஆற்றிவிடலாம். நகம் பெயர்ந்தால் அந்த இடத்தில் புது நகம் முளைக்கும். பல்லின் மேலுறையான எனாமலுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை.

மனித உடலில் எனாமலைவிடக் கடினமான பொருள் வேறு கிடையாது. எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள்தான். தாடைக்குள் பல் உருவாகும்போது அமெலோபிளாஸ்ட் என்ற செல்கள் இதை அடுக்கடுக்காகக் கட்டுகின்றன. கட்டி முடித்துப் பல் வெளியே எட்டிப் பார்க்கும்போது அந்தச் செல்கள் அழிந்துபோகின்றன. வீட்டைக் கட்டிய கொத்தனார் ஊரைவிட்டே போய்விட்ட மாதிரி. அதற்குப் பிறகு ஒரு மூலை பெயர்ந்தால் மருத்துவர் வைக்கும் ஒட்டுதான். உடல் தானாக எதுவும் செய்யாது.

மைதானத்தில் பன்னிரண்டு வயதில் முன்பல்லை உடைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு நேர்வதை யோசித்துப் பாருங்கள். முதலில் ஒட்டு. நரம்பு செத்தால் வேர் சிகிச்சை. பிறகு உறை. சில ஆண்டுகள் கழித்து அந்த உறையை மாற்ற வேண்டும். பல்லே போய்விட்டால் இம்பிளான்ட் வைக்கலாம் என்பார்கள்; ஆனால் தாடை வளர்ந்து முடியும்வரை அதற்கும் காத்திருக்க வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்த ஓர் அடியை ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கிறது.

அந்த அடிக்கும் பல்லுக்கும் நடுவே வைக்கும் சில மில்லிமீட்டர் பிளாஸ்டிக்தான் மவுத்கார்டு. எளிய பொருள். ஆனால் அதைச் சரியாகச் செய்வதில் கடற்பாசி, ஜிப்சம், பாலிமர் வேதியியல், காற்றழுத்தம் என்று ஒரு சிறிய அறிவியல் உலகமே அடங்கியிருக்கிறது.

இயற்கை வைத்த மெத்தை

பல் தாடை எலும்பில் ஆணி அடித்தாற்போல இறுகி நிற்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிப்பில் நார்களால் ஆன ஒரு திசு இருக்கிறது. பல் அதில் ஊஞ்சல் போலத் தொங்குகிறது. சோற்றில் கல் கடிபட்டால் சட்டென்று தாடை நிற்பதற்குக் காரணம் இந்த நார்களில் உள்ள உணர்நரம்புகள்தான்.

மெல்லுவதற்கு அந்த 0.2 மில்லிமீட்டர் போதும். முழங்கைக்கும் மட்டைக்கும் பந்துக்கும் அது போதாது.

கணக்கை எளிமையாகவே போடுவோம். ஹாக்கிப் பந்தின் எடை, விதிப்படி 156 முதல் 163 கிராம். 160 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மட்டையில் பட்டுத் தெறித்த பந்து நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், வாயில் படுகிறது. அதன் உந்தம் 1.6 அலகு. அந்த உந்தம் முழுவதும் தீர்ந்தால்தான் பந்து நிற்கும். தீர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதில்தான் பல்லின் விதி இருக்கிறது.

கடினமான பந்தும் கடினமான பல்லும் நேருக்கு நேர் மோதி, 0.3 மில்லிநொடியில் பந்து நின்றால் சராசரி விசை சுமார் 5,300 நியூட்டன். நடுவில் மவுத்கார்டு என்ற மெத்தை இருந்து, அதே பந்து 0.8 மில்லிநொடியில் நின்றால் விசை 2,000 நியூட்டன். கூடுதலாகக் கிடைத்தது அரை மில்லிநொடி, ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் விசை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுத்து வாங்குவதும் இதே நியூட்டன் விதிப்படிதான்.

மெத்தை இன்னொரு வேலையும் செய்கிறது. ஒற்றைப் பல்லின் நுனியில் விழ வேண்டிய அடியைப் பக்கத்துப் பற்களுக்கும் ஈறுக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. உதட்டையும் கன்னத்தையும் பல்லின் கூர்முனையிலிருந்து விலக்கி நிறுத்துகிறது. முகவாயில் கீழிருந்து குத்து விழும்போது, கீழ்த்தாடைப் பற்கள் மேல்பற்களில் மோதிச் சிதறாமல் நடுவில் நின்று தாங்குகிறது.

எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அதே பந்து மணிக்கு 100 கிலோமீட்டரில் வந்தால் அதன் ஆற்றல் ஏறத்தாழ எட்டு மடங்கு. அதை முழுதாக விழுங்க நான்கு மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கால் ஆகாது. ஹெல்மெட்டும் முகக்கம்பியும் போட வேண்டிய இடத்தில் அவற்றைப் போட்டே ஆக வேண்டும்.

குத்துச்சண்டை மேடையில் பிறந்தது

1890இல் லண்டன் பல் மருத்துவர் வூல்ஃப் கிராஸ், குத்துச்சண்டை வீரர்கள் மேடையேறும் முன் அவர்களின் மேல் முன்பற்கள்மீது கட்டா பெர்ச்சா பட்டைகளை ஒட்டி அனுப்பினார். பல் குத்தி உதடு கிழியாமல் காப்பதே அவர் நோக்கம். கட்டா பெர்ச்சா என்பது மலாயாக் காடுகளின் மரப்பால். வெந்நீரில் மிருதுவாகும், ஆறினால் கெட்டிப்படும். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்த அதே பொருள்தான் இன்றும் வேர் சிகிச்சையில் பல்லின் குழாயை அடைக்கப் பயன்படுகிறது.

கிராஸின் மகன் பிலிப்பும் பல் மருத்துவர், குத்துச்சண்டை ஆடுபவரும்கூட. ஒருமுறை ஒட்டி எறிவதற்குப் பதிலாக, கழற்றி மீண்டும் மாட்டக்கூடிய ரப்பர் காப்பை அவர் உருவாக்கினார். அதை மாட்டி ஆடியவர்களில் முக்கியமானவர், பின்னாளில் உலக வெல்டர்வெயிட் சாம்பியனான டெட் 'கிட்' லூயிஸ். 1921இல் நியூயார்க்கில் ஜாக் பிரிட்டனுடன் அவர் மோதியபோது, வாயில் இப்படி ஒன்றை வைத்துக்கொள்வது முறைகேடு என்று எதிர்த்தரப்பு ஆட்சேபம் எழுப்பியது. காப்பைக் கழற்ற வேண்டியதாயிற்று.

குத்துச்சண்டை உலகின் மனம் மாறியது ஆறு ஆண்டுகள் கழித்து. 1927இல் ஜாக் ஷார்க்கியுடன் மோதிய மைக் மெக்டீக்கின் பல் உடைந்து, அவர் உதட்டையே ஆழமாகக் கிழித்தது. ரத்தம் நிற்காமல் ஆட்டத்தை இழந்தார். அதன் பிறகு குத்துச்சண்டையில் பல்காப்புக்கு வழி திறந்தது. 1947இல் லாஸ் ஏஞ்சலிஸ் பல் மருத்துவர் ராட்னி லில்லிக்விஸ்ட், பல்லின் வடிவத்துக்கே பொருந்தும் ஒளிபுகும் அக்ரிலிக் காப்பைச் செய்து காட்டினார். 1962இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் 'அமெரிக்கன் ஃபுட்பால்' ஆட்டத்தில் மவுத்கார்டு கட்டாயமாயிற்று.

இளஞ்சிவப்புக் களியும் மஞ்சள் கல்லும்

இனி ஒரு மவுத்கார்டு உருவாவதைப் பக்கத்தில் நின்று பார்ப்போம்.

பல் மருத்துவரின் நாற்காலியில் பள்ளி அணிக்காக ஹாக்கி ஆடும் பதினான்கு வயதுப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். முதலில் சொத்தை இருக்கிறதா, விழாத பால்பல் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கிறார். முன்பற்கள் சற்றே துருத்தி நிற்கின்றன. அப்படி நிற்கும் பல்லுக்கு அடிபடும் ஆபத்து அதிகம்.

ரப்பர் கிண்ணத்தில் இளஞ்சிவப்புப் பொடியைக் கொட்டி, தண்ணீர் விட்டு, கரண்டியால் கிண்ணத்தின் சுவரில் தேய்த்துத் தேய்த்துக் குழைக்கிறார் உதவியாளர். ஒரு நிமிடத்தில் வழுவழுப்பான களி. ட்ரேயில் நிரப்பி மேல்தாடையில் வைத்து அழுத்துகிறார் மருத்துவர். "மூக்கு வழியா மூச்சு விடும்மா. தலையைக் கொஞ்சம் முன்னாடி சாய்ச்சுக்கோ. வலது காலை அப்படியே தூக்கிப் பிடி." காலைத் தூக்கச் சொல்வது கவனத்தைத் திருப்பத்தான்; தொண்டைக் குமட்டல் அடங்கிவிடும்.

அந்தப் பொடியின் உயிர், ஆல்ஜினேட் என்ற கடற்பாசிச் சத்து. பழுப்புப் பாசிகளிலிருந்து எடுப்பது. மன்னார் வளைகுடாக் கரையில் மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்தில் வளரும் சர்காசம், டர்பினேரியா பாசிகளும் ஆல்ஜினேட்டுக்கு மூலப்பொருள்தான். சோடியம் ஆல்ஜினேட் நீரில் கரையும். பொடியில் கலந்துள்ள கால்சியம் சல்ஃபேட்டிலிருந்து கால்சியம் அயனிகள் வெளிவந்து, ஆல்ஜினேட்டின் நீண்ட சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்ததும் களி இறுகி ஜெல்லாகிறது. உடனே இறுகிவிட்டால் ட்ரேயை வாயில் வைக்கவே நேரம் இருக்காது. அதனால் சிறிதளவு பாஸ்பேட் உப்பும் சேர்க்கிறார்கள். முதலில் வரும் கால்சியத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பாஸ்பேட் தீரும்வரை மருத்துவருக்கு அவகாசம்.

இரண்டு மூன்று நிமிடத்தில் களி இறுகுகிறது. மெல்ல அசைத்து எடுத்தால் கிழியும்; ஒரே இழுப்பில் எடுத்தால் கிழியாது. 'ப்ளக்' என்று ட்ரே வெளியே வருகிறது. பற்கள் இருந்த இடமெல்லாம் பள்ளங்கள். ஈறின் மடிப்பும், உதட்டை ஈறோடு இணைக்கும் மெல்லிய நாரின் தடமும்கூடத் தெரிகின்றன.

இங்கிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இந்த ஜெல்லில் பெரும்பங்கு தண்ணீர். காற்றில் வைத்தால் வற்றிச் சுருங்கும். தண்ணீரில் போட்டால் ஊறி உப்பும். இரண்டில் எது நடந்தாலும் அளவு பொய்யாகிவிடும். கழுவி, கிருமிநாசினி தெளித்த கையோடு அச்சுக்குள் டென்டல் ஸ்டோன் ஊற்றுகிறார்கள். இது ஜிப்சத்தைச் சுட்டு நீரைப் பிரித்த பொடி. தண்ணீர் சேர்ந்ததும் மீண்டும் ஜிப்சமாகி இறுகும். அதிரும் மேசையில் ட்ரேயைப் பிடித்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து சிறிது சிறிதாக வழியவிட வேண்டும். அவசரப்பட்டால் பல்நுனியில் காற்றுக்குமிழி மாட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் அந்தப் பெண்ணின் மேல்தாடை மஞ்சள் கல்லாக மேசையில் இருக்கிறது.

பல் ஆய்வகத் தொழில்நுட்பர் அந்தக் கல்லைத் தேய்த்து அடிப்பாகத்தைச் சமமாக்குகிறார். பென்சிலால் எல்லைக் கோடு போடுகிறார். உதட்டுப் பக்கத்தில், ஈறு மடியும் பள்ளத்துக்கு 2 மில்லிமீட்டர் முன்பே கோடு நின்றுவிட வேண்டும். உதட்டு நார் இருக்குமிடத்தில் சிறு வளைவு விட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வோர் அசைவிலும் அறுக்கும். அண்ணத்துப் பக்கத்தில் ஈறு விளிம்பிலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் போதும். அதைத் தாண்டினால் குமட்டும், பேச்சு குழறும். கல் நன்றாகக் காய்ந்திருக்கவும் வேண்டும். ஈரம் இருந்தால் சூட்டில் ஆவியாகிக் குமிழி போடும்.

சூடான தாள் தொங்கும் தருணம்

இப்போது மவுத்கார்டாகப் போகும் பொருள் வருகிறது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தாள். பெயர் ஈ.வி.ஏ., எத்திலீன் வினைல் அசிட்டேட். ஓட்டப்பந்தயக் காலணியின் நடுமெத்தையும் கைவினைக்காரர்களின் பசைத் துப்பாக்கிக் குச்சியும் இதே குடும்பம். எத்திலீன் மட்டும் இருந்தால் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டு விறைப்பான பாலித்தீன் ஆகும். இடையிடையே வினைல் அசிட்டேட் குழுக்கள் முளைத்து அந்த அடுக்கைக் குலைப்பதால் ரப்பர் போன்ற நெகிழ்ச்சி கிடைக்கிறது. சங்கிலிகளிடையே நிரந்தரப் பிணைப்பு இல்லாததால் சூடாக்கினால் இளகும், ஆறினால் அந்த வடிவத்திலேயே நிற்கும்.

தாளை இயந்திரத்தின் வளையத்தில் பொருத்தி மேலே சூடேற்றுகிறார்கள். தாள் பளபளக்கிறது, பிறகு நடுவில் மெல்லத் தொங்கத் தொடங்குகிறது. தொழில்நுட்பரின் கண் அந்தத் தொங்கலிலேயே இருக்கிறது. ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் தொங்கியதும் கல்லின்மேல் இறக்குகிறார். முன்னதாக இறக்கினால் பல்லிடுக்கில் படியாது. தாமதித்தால் தாள் மெலிந்துவிடும்.

எளிய இயந்திரம் அடியிலிருந்து காற்றை உறிஞ்சும். எவ்வளவு உறிஞ்சினாலும் வெளிக்காற்றின் ஓர் அட்மாஸ்பியர் அழுத்தம்தான் தாளைத் தள்ளும். அதற்குமேல் போக முடியாது. அழுத்த இயந்திரமோ மேலிருந்து பல அட்மாஸ்பியர் அழுத்தத்தில் காற்றைச் செலுத்தும். தாள் பல்லின் ஒவ்வொரு வளைவிலும் ஒட்டிப் படியும்.

இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத பிழை நுழைகிறது. சூடான தாள் கல்லின்மேல் இழுபடும்போது மெலிகிறது. அதிகமாக மெலிவது முன்பல் முனையில். 3 மில்லிமீட்டர் தாள் அங்கே பாதியாகிவிடலாம். அடி விழும் இடமும் அதுவே. ஈ.வி.ஏ. எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து 2002இல் வெளியிட்டார்கள். தடிப்பு கூடக் கூடக் கடந்துபோகும் விசை குறைகிறது. 4 மில்லிமீட்டருக்கு மேல் கூட்டினால் கிடைக்கும் பலன் மிகச் சொற்பம், தொந்தரவு மட்டும் கூடும். அதனால் நல்ல பல் ஆய்வகங்களில் முதல் தாள் ஆறியதும் அதன்மேல் இரண்டாவது தாளை அழுத்தி ஒட்டி, முன்பல் தடிப்பை மீட்கிறார்கள். அணியின் நிறமும் ஆட்டக்காரரின் பெயரும் இரண்டு தாள்களுக்கும் நடுவே போகும்.

முழுதாக ஆறும்வரை கல்லிலிருந்து கழற்றக் கூடாது. ஆறியபின் கோட்டை ஒட்டி வெட்டி, விளிம்பை உருட்டி, சுடரில் லேசாகக் காட்டி வழுவழுப்பாக்குகிறார்கள். கடைசியாகக் கடிக்கும் பரப்பைச் சற்று இளக்கிக் கீழ்ப்பற்களின் தடத்தைப் பதிக்கிறார்கள். எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் பதிந்தால்தான் தாடையில் விழும் அடி சமமாகப் பரவும்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் மாட்டிப் பார்க்கிறாள். வாயை ஆவென்று திறக்கிறாள், காப்பு விழவில்லை. தண்ணீர் குடிக்கிறாள். பிறகு அவள் கேட்ட ஒரே கேள்வி: "டாக்டர், இதோட கத்த முடியுமா?" கத்திப் பார்க்கச் சொல்கிறார். "லெஃப்ட்டு! லெஃப்ட்டு! பாஸ் குடு!" வெளியே காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். சொல் தெளிவாக விழுகிறது.

பையில் கிடக்கும் காப்பு

கத்த முடியுமா என்ற அந்தக் கேள்வியில்தான் இந்த அறிவியலின் சாரம் இருக்கிறது. விளையாட்டுச் சாமான் கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, அப்படியே வாயில் வைத்துக்கொள்வது. பல்லைக் கடித்துப் பிடித்திருந்தால்தான் நிற்கும். பேசவோ வாயால் மூச்சு வாங்கவோ தோதுப்படாது. இன்னொன்று, வெந்நீரில் போட்டு எடுத்துக் கடித்துப் படிய வைப்பது. முன்னதைவிட மேல். ஆனால் கடிக்கும் வேகத்தில் பல்முனைக்குக் கீழே மெலிந்து, பாதுகாப்பு வேண்டிய இடத்திலேயே குறைந்துவிடும். காசு இல்லாதபோது ஒன்றும் இல்லாமல் ஆடுவதைவிட இது நல்லது. என்றாலும், உறுத்தும் காப்பை ஆட்டக்காரர் அரை மணியில் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். பொருந்துவதே பாதுகாப்பின் முதல் நிபந்தனை.

அணிந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்து ஒரு நாட்டளவுச் சான்று. அங்கே விபத்துக் காயங்களின் சிகிச்சைச் செலவை அரசுக் காப்பீடே ஏற்பதால் ரக்பியில் பல் உடைந்த கணக்கும் பதிவாகிறது. 1998இல் உள்நாட்டு ரக்பியின் எல்லா நிலைகளிலும் மவுத்கார்டு கட்டாயமானது. ஆட்டக்காரர்கள் அணிந்ததாகச் சொன்ன விகிதம் 1993இல் 67 சதவீதம்; 2003இல் 93 சதவீதம். 1995க்கும் 2003க்கும் இடையில் ரக்பி ஆட்டக்காரர்களின் பல் காயக் கோரிக்கைகள் 43 சதவீதம் குறைந்தன.

மூளை அதிர்ச்சியை மவுத்கார்டு தடுக்குமா? மண்டைக்குள் மூளை குலுங்குவதால் வருவது அது. பல்லில் மாட்டும் பிளாஸ்டிக் அந்தக் குலுங்கலை நிறுத்திவிடும் என்று வாக்குத் தர முடியாது. ஐஸ் ஹாக்கியில் மவுத்கார்டு அணிந்தோரிடம் மூளை அதிர்ச்சி 28 சதவீதம் குறைவாக இருந்ததை 2023இல் வெளியான சர்வதேச நிபுணர் அறிக்கை குறிப்பிடுகிறது. மற்ற ஆட்டங்களுக்கும் இதை அப்படியே பொருத்துவது அவசரம்.

ஆனால் அந்தக் குலுங்கலை அளக்க மவுத்கார்டு உதவுகிறது. ஹெல்மெட் நழுவும், தோலில் ஒட்டிய உணரி தோலோடு ஆடும். மேல்பற்களோ மண்டையோட்டோடு சேர்ந்தே அசைபவை. பல்லோடு கச்சிதமாகப் பொருந்திய காப்புக்குள் முடுக்கமானியும் சுழலுணரியும் வைத்தால், தலை எவ்வளவு வேகமாகக் குலுங்கிச் சுழன்றது என்று தெரியும். 2024 முதல் உயர்மட்ட ரக்பியில் இத்தகைய மவுத்கார்டுகள் தலைக்காயப் பரிசோதனை முறையின் பகுதியாகிவிட்டன.

கையோடு வைத்துக்கொள்ள

கோவில்பட்டி போல ஹாக்கியே மூச்சாக இருக்கும் ஊர்கள் நம்மிடம் உண்டு. கபடி இல்லாத கிராமத் திருவிழா குறைவு. முழங்காலும் முகமும் மோதும் அந்தக் கபடிக் களத்தில் பல்காப்பைப் பார்ப்பதோ அரிது.

மவுத்கார்டை ஆட்டம் முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, காற்றோட்டத் துளையுள்ள டப்பாவில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரிலோ பைக் பெட்டியிலோ விட்டால் வடிவம் கெட்டுவிடும். பிள்ளையின் தாடை வளர வளரப் புதிதாகச் செய்ய வேண்டும்.

காப்பு இல்லாத நாளில் நிலைப்பல் முழுதாகப் பெயர்ந்து விழுந்துவிட்டால் பதறாதீர்கள். வெள்ளையாகத் தெரியும் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். அழுக்கு இருந்தால் பாலிலோ ஓடும் நீரிலோ ஒரு கணம் அலசி, அதே குழியில் திரும்ப வைத்து, சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். வைக்க முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தண்ணீரில் போட்டு வைத்தால் வேரைச் சுற்றிய நார்ச்செல்கள் உப்பி வெடிக்கும். காய விட்டால் செத்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்ந்துவிடுங்கள். பால்பல்லை மட்டும் திரும்ப வைக்கக் கூடாது. உள்ளே வளரும் நிலைப்பல் கெடும்.

பிள்ளைக்கு ஷூவும் மட்டையும் வாங்கப் போகும் பெற்றோரே, அந்தப் பட்டியலில் மவுத்கார்டையும் எழுதுங்கள். பயிற்சியாளர்களே, அதை மாட்டாத பிள்ளையைக் களத்தில் இறக்காதீர்கள். அது தருவது அரை மில்லிநொடிதான். உடைந்த எனாமல் மீண்டும் வளர ஓர் ஆயுள் காத்திருந்தாலும் போதாது.